நட்டு வளர்ப்பதா, விட்டு வளர்ப்பதா?

அழிந்த காட்டை மீட்கணும் என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது குழி தோண்டிக் கன்று நடுவதுதான். போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் நட்ட பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது, யார் ஆடு மாட்டை விரட்டுவது என்பதில்தான் பல திட்டங்கள் படுத்துவிடுகின்றன. அதிலும் வேகமாக வளரும் ஒரே இனத்தை வரிசையாக நட்டுவிட்டு அதைக் காடு என்பது, என்னைக் கேட்டால், தோப்புக்குப் பெயர் மாற்றுவது மட்டும்தான்.

இன்னொரு வழி, நிலத்தை அதன் போக்கில் விடுவது. மேய்ச்சல், தீ, வெட்டு மூன்றையும் தடுத்தால் பல இடங்களில் மண்ணுக்குள் கிடக்கும் விதையும் பழைய அடிக்கட்டையும் தானாகத் துளிர்க்கும், மிச்ச விதை பறவை எச்சத்தில் வந்து சேரும். நைஜர் நாட்டில் 1980களில் டோனி ரினாவ்டோ என்ற ஆஸ்திரேலியர், கன்று நட்டு நட்டு அலுத்துப்போன பிறகு, வயலில் புதர் மாதிரி கிடந்தவை வெட்டப்பட்ட மரங்களின் துளிர்கள் என்று கண்டுகொண்டார். அப்புறம் விவசாயிகள் செய்தது இவ்வளவுதான்: ஒரு கட்டையில் கொத்தாகக் கிளம்பும் துளிர்களில் நேராக, திடமாக இருக்கும் சிலவற்றை விட்டுவிட்டு மீதியைக் கழித்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின.

சரி, அப்போ நடவே வேண்டாமா? சுரங்கம் தோண்டி மேல்மண்ணே போய், பக்கத்தில் விதை தரக் காடும் இல்லாத இடத்தில் காத்திருந்து பயனில்லை. மண்ணைத் தேற்றி, அந்த இடத்துக்கே உரிய பல இனங்களை நட்டுத்தான் ஆகணும். ஆதியிலிருந்தே புல்வெளியாக இருந்த நிலத்தை மட்டும் எந்த வழியிலும் காடாக்கப் பார்க்காதீர்கள்.