கெஃபிர் மணி வாங்குகிறீர்களா? முதலில் நசுக்கிக் காட்டச் சொல்லுங்கள்

வீட்டில் பால் கெஃபிர் (தயிர் மாதிரிப் புளித்த பால் பானம்) போட ஆசைப்பட்டு, அதைப் புளிக்கவைக்கும் மணி தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஆன்லைனில் ஒருவரிடம் ‘உயிருள்ள கெஃபிர் மணி 20 கிராம்’ என்று 650 ரூபாய் கட்டினேன். ஐந்தாம் நாள் தக்கலைக்குக் கூரியர் வந்தது. சின்ன டப்பா, கலங்கிய தண்ணீரில் வெள்ளைத் துணுக்குகள். காய்ச்சி ஆறவைத்த பசும்பாலில் போட்டுத் துணி கட்டி வைத்தேன். மறுநாள் பால் உறைந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “இது நம்ம தயிருதானே மக்ளே” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏமாற்று இருப்பதே இங்கேதான். நம்ம ஊர் சூட்டுக்குத் துளி தயிர் பட்டாலும் பால் உறைந்துவிடும். உறைந்ததைப் பார்த்து நாமும் மணி வேலை செய்கிறது என்று இருந்துவிடுவோம். மூன்றாம் முறை வடிகட்டியபோது துணுக்குகள் பாதிதான் மிஞ்சின. ஒன்றை விரலிடையில் வைத்து நசுக்கினேன். பனீர் மாதிரி உதிர்ந்து போனது.

விற்றவரிடம் கேட்டதற்கு, “உங்க பால் சரியில்லை, இன்னும் 300 போடுங்க, வேற அனுப்புறேன்” என்றார். மறுத்ததும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன்.

அப்புறம் மார்த்தாண்டத்தில் தெரிந்த அக்கா ஒருவர் ஒரு கரண்டி மணி தந்தார். பார்த்ததுமே வித்தியாசம் தெரிந்தது. குட்டிக் காலிஃபிளவர் பூ மாதிரி, வழவழப்பாக, நசுக்கினால் ரப்பர் போல அமுங்கித் திரும்ப எழும்புகிறது. பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்து வளரும் உயிர்க்கூட்டம் அது. பாலில் கரையாது, பெருகத்தான் செய்யும். ஒரு கரண்டிக்கு இரண்டு கப் பால் ஊற்றுகிறேன். பொதுவாக 24 மணி நேரம் என்பார்கள், இங்கே 12 மணி நேரத்திலேயே கெட்டியாகிவிடுகிறது. லேசான ஈஸ்ட் வாசம், நாக்கில் சுருக்கென்று ஒரு நுரைப்பு. தயிரில் அது கிடையாது.

கடைகளில் கிடைக்கும் தூள் பாக்கெட் வேறு சமாச்சாரம். அதில் சில முறை கெஃபிர் போடலாம், மணி வளராது. அதையும் மணி என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். வடிகட்டி, விரலில் நசுக்கி, வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

என்னிடம் மணி இப்போது பெருகிவிட்டது. தக்கலைப் பக்கம் இருப்பவர்கள் ஒரு கண்ணாடிக் குப்பியோடு வாருங்கள். காசெல்லாம் வேண்டாம்.