இங்க்ஸ்கேப்பின் நீட்சிகள்: பழுதுபார்க்கும் கோணத்தில் ஒரு மதிப்புரை

வெக்டர் படங்கள், அதாவது கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமிக்கப்படும் படங்கள், வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் வரைகருவிகளைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்சிகள், அதாவது கூடுதல் வேலைகளுக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள், ஓடாமல் நின்றுவிடும் வேளையில் இந்த மென்பொருள் பயனருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். வெட்டும் இயந்திரத்துக்கும் அச்சுக்கும் கோப்பு தயாரிப்பவர்களில் பலருடைய அன்றாட வேலை நீட்சிகளை நம்பியே நடக்கிறது.

ஒரு நீட்சி என்பது பெரும்பாலும் இரண்டு கோப்புகள்தான். ஐ.என்.எக்ஸ் என்று முடியும் எக்ஸ்.எம்.எல் கோப்பு, மெனுவில் தெரிய வேண்டிய பெயரையும் பயனரிடம் கேட்க வேண்டிய அளவுகளையும் வைத்திருக்கிறது, பி.ஒய் என்று முடியும் பைத்தான் நிரல் வேலையைச் செய்கிறது. அப்ளை பொத்தானை அழுத்தியதும், திறந்திருக்கும் படத்தை இங்க்ஸ்கேப் எஸ்.வி.ஜி எனும் வெக்டர் பட வடிவில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி நிரலிடம் கொடுக்கிறது. நிரல் அதைத் திருத்தித் திருப்பித் தர, அதுவே திரையில் பழைய படத்தின் இடத்துக்கு வருகிறது. நடப்பது இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டால் கோளாறு எந்தப் படியில் நேர்ந்தது என்று தேடுவது எளிதாகிவிடும். நீட்சியின் இரு கோப்புகளையும் சாதாரண உரைத்தொகுப்பானிலேயே திறந்து படிக்கலாம், திருத்தலாம். இந்த மென்பொருளில் நான் மிகவும் மதிக்கும் பண்பு இதுதான்.

நீட்சி மெனுவிலேயே தென்படாமல் போவதுதான் பயனரை அதிகம் திகைக்க வைக்கும் பழுது. பெரும்பாலும் ஐ.என்.எக்ஸ் கோப்பை மட்டும் நகலெடுத்துவிட்டு நிரல் கோப்பை விட்டிருப்போம், அல்லது தவறான கோப்புறையில் போட்டிருப்போம். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் சிஸ்டம் என்று சென்றால் பயனருக்கான நீட்சிக் கோப்புறை எது என்று அங்கேயே காட்டப்படும். வேறெங்கோ படித்த பாதையைவிட இதையே நம்ப வேண்டும். லினக்ஸில் ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை வழியாக நிறுவியவர்களுக்கு இந்தப் பாதை வேறாக இருப்பதால் அவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். நீட்சிகளின் பட்டியல் மென்பொருள் தொடங்கும்போதுதான் படிக்கப்படுகிறது என்பதால் கோப்பை வைத்தபின் மூடித் திறப்பதும் அவசியம். அதற்குப் பிறகும் தென்படவில்லை என்றால், எந்த நீட்சி எதனால் ஏற்றப்படவில்லை என்பது அமைப்புக் கோப்புறையில் உள்ள நீட்சிப் பிழைகளுக்கான லாக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பயனுள்ள இந்தக் கோப்பைத் தேடிப் போனவர்தான் காண முடிகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. விடுபட்ட நீட்சியின் பெயரை மெனுவிலேயே மங்கலாகக் காட்டி, காரணத்தைப் பக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

ஓடத் தொடங்கிப் பாதியில் விழும் நீட்சிகளின் கதை வேறு. 2020 மே மாதம் வெளிவந்த 1.0 பதிப்பு பைத்தான் 3-க்கு மாறியது; பைத்தான் 2-க்கான ஆதரவும் அதே ஆண்டின் தொடக்கத்தில் முடிந்திருந்தது. முந்தைய 0.92 பதிப்புக் காலத்து நீட்சிகளில் பெரும்பகுதி அப்போது உடைந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இத்தகைய நீட்சியை இயக்கினால் வரிவரியாக நீளும் பிழைச்செய்தி ஒன்று தோன்றும். அதை மேலிருந்து படிக்கத் தொடங்குவதே பலரும் செய்யும் தவறு. கடைசி வரியில்தான் காரணம் இருக்கிறது, அதற்குச் சற்று மேலே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கின்றன. வெளியீட்டை எழுதும் பிரிண்ட் என்ற கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லை என்று கடைசி வரி சொன்னால் அது பைத்தான் 2-இல் எழுதப்பட்ட நிரல் என்பது உறுதி. ஒரு தொகுதியை, அதாவது நிரல் துணைக்கு அழைக்கும் மாட்யூலை, காணவில்லை என்று சொன்னால், இங்க்ஸ்கேப் பயன்படுத்தும் பைத்தானில் அது இல்லை என்று பொருள். விண்டோஸில் இங்க்ஸ்கேப் தனக்கென்று ஒரு பைத்தானைக் கூடவே கொண்டுவருவதால், கணினியில் தனியாக நிறுவிய பைத்தானில் அந்தத் தொகுதியைச் சேர்த்தாலும் பிழை அப்படியே நீடிக்கும்.

நிரலிலிருந்து கூடுதல் தகவல் வந்திருப்பதாகவும், பிழை இல்லாவிட்டாலும் முடிவு எதிர்பார்த்தபடி இருக்காமல் போகலாம் என்றும் கூறும் ஒரு பெட்டியும் அடிக்கடி வரும். வழக்கொழிந்த பழைய தொகுதியை நிரல் அழைத்திருக்கிறது என்ற சாதாரண எச்சரிக்கைக்கும் இதே பெட்டிதான். எச்சரிக்கையையும் உண்மையான கோளாறையும் ஒரே குரலில் சொல்வது இம்மென்பொருளின் தெளிவான குறை.

பிழைச்செய்தியே இல்லாமல் தவறான படத்தைத் தரும் நீட்சிகளையே நான் அதிகம் அஞ்சுகிறேன். பலகையில் வெட்டிப் பொருத்தும் பெட்டிக்கான வரைபடத்தைத் தரும் பழைய நீட்சி ஒன்றை நான் பயன்படுத்தியபோது, 100 மில்லிமீட்டர் என்று கொடுத்த பக்கம் வெட்டியெடுத்தபின் 94 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பெட்டி சிறுத்ததைவிட, 3 மில்லிமீட்டர் பலகை நுழைய வேண்டிய காடிகளும் 2.8 மில்லிமீட்டராகச் சுருங்கி, எவ்வளவு அழுத்தியும் பலகை உள்ளே போகாததுதான் பெரிய சிக்கல். 93.75-ஐ 100-ஆல் வகுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது: 90-க்கும் 96-க்கும் உள்ள விகிதம் அது. ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்த கணக்கு 0.92 பதிப்பில் 96 ஆனது. நீட்சியை எழுதியவர் பழைய எண்ணை நிரலுக்குள் நேரடியாக எழுதியிருந்தார். அந்த ஓர் எண்ணை மாற்றிச் சேமித்து மீண்டும் வெட்டியதும் பலகைகள் கச்சிதமாகப் பொருந்தின. உள்ளே திறந்து பார்க்க முடியாத மென்பொருளில் அந்த நீட்சியைக் கைவிடுவதைத் தவிர வழியிருந்திருக்காது.

படம் தலைகீழாக வந்தால் 1.0 பதிப்பிலிருந்து செங்குத்து அச்சு கீழ்நோக்கி அமைந்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். நீட்சி எதுவுமே செய்யாமல் இருந்தால், தேர்ந்தெடுத்த வடிவம் பாதையாக, அதாவது பாத் எனப்படும் புள்ளிகளை இணைக்கும் கோடாக, மாற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். செவ்வகத்தையும் எழுத்தையும் அப்படியே கொடுத்தால் பாதைகளை மட்டும் தேடும் நிரல் அவற்றைக் கடந்து போய்விடும்.

எதுவும் பிடிபடாதபோது, படத்தின் நகல் ஒன்றைக் கொடுத்து அந்தப் பைத்தான் நிரலைக் கட்டளைவரியில் தனியாக ஓட்டிப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். நிரல் திருப்பித் தரும் எஸ்.வி.ஜியை ஒரு கோப்பில் சேமித்துத் திறந்தால், எழுதியவர் சோதனைக்காக விட்டுச்சென்ற ஒரு பிரிண்ட் வரி எஸ்.வி.ஜியோடு கலந்து கோப்பையே கெடுத்திருந்தால் அது கண்ணெதிரே தெரியும். நிரலைத் தொடவே விரும்பாதவர்கள், லினக்ஸில் என்றால், பழைய பதிப்பின் ஆப்இமேஜ் கோப்பு (நிறுவாமலே ஓட்டக்கூடிய ஒற்றைக் கோப்பு) ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு அந்த ஒரு வேலையை மட்டும் அதில் முடித்துவிட்டு, மற்றவற்றைப் புதிய பதிப்பில் தொடரலாம்.