கோகா – தஹேஜ்: தூர்வாருவதா, துறையை மாற்றுவதா, கப்பலை மாற்றுவதா?

குஜராத்தில் காம்பே வளைகுடாவின் மேற்குக் கரையில் கோகாவும் கிழக்குக் கரையில் தஹேஜும் இருக்கின்றன. இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். வளைகுடாவைச் சுற்றிச் செல்லும் சாலையோ 300 கிலோமீட்டரைத் தாண்டும். 2017 அக்டோபர் 22 அன்று பயணிகளுக்காக மட்டும் தொடங்கிய இந்தப் படகுச் சேவைக்கு, லாரிகளையும் கார்களையும் ஏற்றும் ‘வாயேஜ் சிம்பொனி’ என்ற பெரிய கப்பல் அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்தது. ஓராண்டு நிறைவதற்குள், 2019 செப்டம்பரில், தஹேஜ் பக்கம் வண்டல் படிந்து ஆழம் போதாமல் சேவை நின்றது. 2020 நவம்பர் 8 முதல் கப்பல் கோகாவிலிருந்து தெற்கே, சூரத்தை ஒட்டிய ஹஜீராவுக்குச் செல்கிறது. அன்று எடுத்த முடிவு சரிதானா என்பதை அறிய, எதிரில் இருந்த வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, தஹேஜ் வழித்தடத்தைத் தொடர்ந்து தூர்வாருவது. தூர்வாரும் பணிக்கென்றே மத்திய அரசு துறைமுக மேம்பாட்டுக்கான சாகர்மாலா திட்டத்தில் 117 கோடி ரூபாய் அளித்திருந்ததால், போட்ட பணத்தைக் கைவிடக் கூடாது என்ற வாதத்துக்கு வலு இருந்தது. ஆனால் தஹேஜ் இருப்பது நர்மதையின் முகத்துவாரத்தில். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டருக்கு மேல் மாறக்கூடிய வளைகுடாவில். இவ்வளவு நீர் நாளுக்கு இருமுறை உள்ளே வந்து வெளியேறும்போது அடித்தளச் சேற்றைக் கலக்கித் தூக்கிக்கொண்டே ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஆழமான பள்ளம் ஒன்றைத் தோண்டினால், பள்ளத்தின் மேல் வரும்போது நீரின் வேகம் தணிந்து, சுமந்து வந்த வண்டல் அங்கேயே இறங்கிவிடும். பள்ளத்தை எவ்வளவு ஆழமாகவும் அகலமாகவும் தோண்டுகிறோமோ அவ்வளவு நன்றாக அது வண்டலைப் பிடிக்கும். உறிஞ்சு தூர்வாரிக் கப்பல் அள்ளிய சேற்றைக் கடலில் கொட்டும் இடம் சரியாக அமையாவிட்டால், அதில் ஒரு பங்கு அடுத்த ஏற்றத்திலேயே திரும்பி வந்துவிடும். சேவை நின்ற அதே 2019 செப்டம்பரில்தான் நர்மதையின் மேலே சர்தார் சரோவர் அணை முதன்முறையாக அதன் முழு மட்டமான 138.68 மீட்டரைத் தொட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெள்ள ஆண்டில் முகத்துவாரத்துக்கு வரும் வண்டல், எந்த ஒப்பந்தத்தில் எழுதிய கன மீட்டர் கணக்குக்கும் கட்டுப்படாது.

இத்தகைய சேற்றில் ஆழத்தை அளப்பதே ஒரு சிக்கல். அடியில் கஞ்சிபோல் மிதக்கும் சேற்றின் மேற்பரப்பிலேயே ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவியின் உயர் அலைவெண் ஒலி நின்றுவிடும். தாழ் அலைவெண் ஒலி அதைத் துளைத்துக் கெட்டித் தரையைக் காட்டும். ஆகவே ஒரே இடத்துக்குக் கப்பல் தலைவர் ஓர் ஆழமும் ஒப்பந்ததாரர் வேறோர் ஆழமும் சொல்ல, இருவரும் பொய் சொல்லாதவர்களாகவே இருக்க முடியும். ராட்டர்டாம் துறைமுகத்தில் சேற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,200 கிலோவை எட்டும் மட்டத்தையே கப்பலோட்டத்துக்கான ஆழமாகக் கொள்கிறார்கள். பயணிகள் கப்பலுக்கு இதற்கும் மேலே தாராளமான இடைவெளி வேண்டும். ஆழம் குறைந்த நீரில் வேகமாகச் செல்லும் கப்பல் தானாகவே சற்றுக் கீழிறங்கும் என்பதே காரணம்.

தூர்வாராமல், ஏற்றம் பார்த்து மட்டும் கப்பலை ஓட்டலாமே என்று கேட்கலாம். சரக்குக் கப்பலுக்கு அது பொருந்தும். ஆனால் ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட படகு, ஒரு வாரத்தில் பிற்பகலுக்குப் போய்விடும். வேலைக்குச் செல்பவரும் லாரி உரிமையாளரும் அப்படிப்பட்ட கால அட்டவணையை நம்பி வர மாட்டார்கள். பக்கத்திலுள்ள பாவ்நகர் துறைமுகம் மதகுக் கதவு வைத்து உள்ளே நீரைத் தேக்கிக்கொள்கிறது. கரைக்குக் கரை ஓடும் படகு ஒவ்வொரு முறையும் மதகுக்காகக் காத்திருக்க இயலாது. (இதே ஏற்றத்தை நம்பித்தான் சற்றுத் தெற்கே ஆலங்கில் பழைய கப்பல்களை உடைப்பதற்காகக் கரையேற்றுகிறார்கள், அங்கே கப்பல் தரைதட்டுவதே தொழில்.)

இரண்டாவது வழி, துறையை ஹஜீராவுக்கு மாற்றுவது. கடல்வழி சுமார் 90 கிலோமீட்டராக நீண்டு, பயணம் நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. தஹேஜுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமே சொல்லப்பட்டிருந்தது. எரிபொருள் செலவும் கூடும், ஒரு நாளில் போய்வரும் நடைகளும் குறையும். இருந்தும் தராசு இந்தப் பக்கமே சாய்கிறது என்று கருதுகிறேன். ஹஜீரா முனையம் 100 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்டதாகச் சுமார் 25 கோடி ரூபாயில் அமைந்தது. இந்தத் தொகையை 117 கோடியோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமாகாது. ஒன்று கட்டுமானச் செலவு, மற்றது கடலடியில் கரையும் செலவு. இவற்றை விடப் பொருளுள்ள வேறுபாடு, ஹஜீராவுக்கு ஏற்கெனவே பெரிய சரக்குக் கப்பல்கள் வந்துபோகின்றன என்பது. அவற்றுக்காக எப்படியும் பராமரிக்க வேண்டிய ஆழத்தில் படகும் செல்லலாம். தஹேஜில் படகுத்துறைக்கான வழித்தடத்தின் சுமை முழுவதும் படகின் மீதே விழுந்தது.

பயணிகள் எங்கே போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாவ்நகர், அம்ரேலி மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையானோர் சூரத்தின் வைரப் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். தஹேஜில் இறங்கினால் நர்மதையைக் கடக்கப் பரூச் வரை சென்று மீண்டும் தெற்கே வர வேண்டும். ஹஜீராவோ சூரத்தின் வாசல். ஆக, கடலில் கூடிய நேரம் அவர்களுக்குச் சாலையில் பெருமளவு திரும்பக் கிடைக்கிறது. பரூச், வதோதரா பக்கம் செல்வோருக்கு மட்டும் இது உண்மையான இழப்பு.

அவர்களுக்காகவே மூன்றாவது வழியைச் சொல்கிறேன்: தஹேஜுக்கு, குறைந்த ஆழத்தில் மிதக்கும் இரட்டை உடல் கொண்ட சிறு பயணிகள் படகு. முப்பது லாரிகளைச் சுமக்கும் கப்பலுக்காகத் தோண்டிய பள்ளம் அதற்குத் தேவையில்லை. ஓரளவு தூர்வாரலும் அடிக்கடி எடுக்கும் ஆழ அளவீடும் போதுமானவையாக இருக்கலாம். லாரிக் கட்டணம் இல்லாமல் அது தனித்து நிற்காது, மானியம் வேண்டும். ஆனால் அந்த மானியம் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட முடியும், நர்மதை கொண்டுவரும் வண்டலைக் கணக்கிட முடியாது.

ஹஜீராவையும் கவலையற்ற இடம் என்று சொல்லிவிட முடியாது. அது தாபியின் முகத்துவாரம்; அந்த ஆற்றிலும் வெள்ளமும் வண்டலும் உண்டு. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் அங்கு எடுக்கப்படும் ஆழ அளவீட்டைத் துறைமுகம் மட்டுமின்றிப் படகு நடத்துநரும் தனியாகச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.