20 அடி கேபினில் 11 மாதம்

மதுராந்தகத்துக்கு அருகே உள்ள எங்கள் மனையில் வீடு கட்டத் தொடங்கியபோது, வேலை முடியும்வரை தங்குவதற்கு ஊருக்குள் வாடகை வீடு, மனையிலேயே தகரக் கொட்டகை, லாரியில் கொண்டுவந்து அப்படியே இறக்கிவைக்கும் தகர அறையான போர்ட்டா கேபின் என்று மூன்று வழிகள் இருந்தன. ஒப்பந்தக்காரரிடம் விடாமல் மேஸ்திரியை வைத்து நாங்களே கட்டியதால், கம்பிக்கும் சிமெண்டுக்கும் இரவுக் காவல் தேவைப்பட்டது. எனவே வாடகை வீட்டை விட்டுவிட்டோம். தகரக் கொட்டகை மலிவுதான் என்றாலும், பிரித்த பிறகு பழைய இரும்பு விலைக்கு மேல் தேறாது. ஆகவே, சென்னைப் புறநகரில் ஒரு விற்பனையாளரிடம், முன்பு அலுவலகமாக இருந்த கேபின் ஒன்றை 1,65,000 ரூபாய்க்கு வாங்கி, நானும் மனைவியும் 11 மாதம் அதில் குடியிருந்தோம்.

அதன் நீளம் 20 அடி, அகலம் 8 அடி. 10 அடி அகலத்திலும் கிடைக்கிறது. ஆனால் அது லாரியின் அகலத்தைத் தாண்டித் துருத்தும் என்பதால், எங்கள் தெரு முனையைத் திரும்பியிருக்காது. உட்பலகை போக உள்ளே ஏழரை அடிதான் மிஞ்சும். கட்டிலைக் குறுக்காகப் போட்டு, மறுகோடியில் சமையல் மேடை அமைத்தபோது இருவருக்குப் போதுமானதாகவே இருந்தது.

பெருங்குறை வெப்பம். சுவரிலும் கூரையிலும் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி 50 மில்லிமீட்டர் தடிமனில் இருப்பதாகச் சொல்லி விற்றார்கள். மின்விசிறி மாட்டுவதற்காகக் கூரைப் பலகையைக் கழற்றியபோது உள்ளே இருந்தது மெல்லிய தெர்மாகோல் அட்டை மட்டுமே. பணம் கொடுக்கும் முன் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. அக்னி நட்சத்திரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு உட்சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை இறக்கி வைத்து ஐந்து நிமிடம் ஆனதுபோல் இருந்தது. கடைசியில் சவுக்குக் கம்பு நட்டு, கேபினுக்கு ஒன்றரை அடி மேலே தென்னங்கீற்று வேய்ந்தோம். கூரைக்கும் கீற்றுக்கும் நடுவே காற்று ஓடத் தொடங்கியதும் பகலிலும் உள்ளே உட்கார முடிந்தது. தகரத்தில் மழை விழும் இரைச்சலும் அடங்கிற்று. வாங்கும் விலையோடு இந்தப் பந்தல் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கழிவறை இணைத்த கேபினை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டுக்குத் தேவையான செப்டிக் தொட்டியை முதலிலேயே கட்டி, அதன் அருகே செங்கல்லில் ஒரு கழிவறையை எழுப்பிக்கொண்டோம். பின்னர் அது தோட்டத்துக் கழிவறையாகவே நின்றுவிட்டது. கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பில், வீட்டு இணைப்பைவிட யூனிட்டுக்குக் கட்டணம் அதிகம். முதல் 100 யூனிட் இலவசமும் கிடையாது. ஏசி வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

கேபினை ஆறு செங்கல் திண்டுகளின்மேல் ஹைட்ரா கிரேன் இறக்கிவைத்தது. ஐப்பசி மழையில் மண் ஊறி, ஒரு திண்டு அரை அங்குலம் இறங்கியது. மறுநாள் காலை கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. மேஸ்திரி ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, கார் ஜாக்கியால் அந்த மூலையைத் தூக்கித் தகட்டுத் துண்டு செருகினார். திண்டுகளுக்கு அடியில் முன்பே ஜல்லி போட்டு இறுக்கியிருந்தால் இந்த வேலை வந்திருக்காது.

மனையில் தங்கியதன் முழுப் பலன் தளம் போட்ட பிறகுதான் தெரிந்தது. எரிசாம்பல் போன்றவை சேர்த்துத் தயாரித்த கலப்பு சிமெண்டில் போட்ட தளத்துக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வற்றாமல் இருக்க வேண்டும். பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் வெயிலில் எவ்வளவு விரைவாக வற்றுகிறது என்பதை, வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் ஆட்கள் பார்ப்பதில்லை. காலையிலும் இரவிலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நானே மேலே ஏறினேன்.

வேலை முடிந்ததும் பக்கத்து மனைக்காரர் கேபினை 1,20,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அது வெளியேறும்வரை தெருப்பக்கச் சுற்றுச்சுவரைக் கட்டாமல் நிறுத்திவைத்திருந்தோம். அவசரப்பட்டுக் கட்டியிருந்தால், கிரேன் உள்ளே வர அதை இடிக்க நேர்ந்திருக்கும்.