ஐஎல்-2: அடி விழுந்ததும் ஆள் மாயம்

இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டை சிமுலேட்டரான ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் கிரேட் பேட்டில்ஸுக்கு ஸ்டீம் கடையில் மறுபடியும் தள்ளுபடி ஓடுகிறது, விமானங்களும் போர்க்களமும் பேக் பேக்காக விற்கும் விளையாட்டு. "போடன்பிளாட்டே பேக் வாங்கலாமா? ஆன்லைனில் ஆட்கள் எப்படி?" என்று இரண்டு நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். முதல் கேள்விக்கு யூடியூப்பில் மணிக்கணக்கில் பதில் கிடக்கிறது. இது இரண்டாவது கேள்விக்காக எழுதுவது. சில வருடங்களாக மல்டிபிளேயரிலேயே பறந்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி நடந்த ஒரு விஷயத்தில் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

விமானங்களைப் பற்றிக் குறையே இல்லை. அமெரிக்க மஸ்டாங்கான பி-51டி-யை 67 அங்குல எஞ்சின் அழுத்தத்தில், அதாவது முழு வேகத்தில், ஐந்து நிமிடத்துக்கு மேல் விரட்டினால் எஞ்சின் படுத்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தை எப்போது செலவழிப்பது என்ற யோசனையிலேயே பாதிச் சண்டை தீர்மானமாகிறது. பிரிட்டிஷ் டெம்பெஸ்ட் கீழ் உயரத்தில் பேய். ஜெர்மன் ஜெட்டான மீ-262 ஓட்டுகிறவர் த்ராட்டிலை அவசரப்பட்டுத் தள்ளினால் எஞ்சின் தீப்பிடிக்கும். தலையைத் திருப்பிப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சாதாரண வெப்கேமும் தலை அசைவைப் படிக்கிற இலவச மென்பொருள் ஓப்பன்ட்ராக்கும் போதும். இங்கிருந்து ஐரோப்பிய சர்வருக்குப் பிங் (இணையத் தாமதம்) கொஞ்சம் எகிறும், எதிரி சில சமயம் தாவித் தாவித் தெரிவார். பழகிவிடும்.

பழகாதது ஒன்றுதான். நேற்று நான் பறந்தது விமானங்களின் மேல் பெயர்ப்பலகை தெரியாத, காக்பிட்டுக்கு வெளியிலிருந்து பார்க்க முடியாத சர்வர். எதிரி என்பது வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். ஆறாயிரம் மீட்டர் ஏறி, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கீழே ஒரு 109 கே-4, ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட். இறங்கி, ஒரே ஒரு சின்ன பர்ஸ்ட். ரேடியேட்டரிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு கிளம்பியது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. இனி அந்த எஞ்சினுக்கு ஆயுள் சில நிமிடங்கள். இங்கேதான் ஆட்டமே தொடங்குகிறது. அவர் தன் எல்லைக்கு ஓடலாம், வயலில் வயிற்றைத் தேய்த்து இறங்கலாம், குதிக்கலாம், இல்லை திரும்பி நின்று என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். எதைச் செய்யப்போகிறார் என்று பின்னாலேயே போனேன். இடப்பக்கம் சாய்ந்தார், மூக்கைத் தூக்கினார், பாதித் திருப்பத்தில் காணாமல் போனார். விழவில்லை, வெடிக்கவில்லை. வெறும் வானம். ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்து பார்த்தால் பெயரும் இல்லை.

சீட்டாட்டத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் கரண்டை அணைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சில சர்வர்களில் சேதம் விழுந்தபின் வெளியேறினால் அதைச் சுட்டவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். எழுதட்டும், எனக்கு எண்ணிக்கை பெரிதில்லை. இந்த வகை சிமுலேட்டரில் பத்து நிமிடத்துச் சலிப்பைப் பொறுத்துக்கொள்வதே, தப்புக்கு ஒரு விலை உண்டு என்பதால்தான். அந்த விலையைக் கொடுக்காமல் ஓடுகிறவர் என்னுடைய இருபது நிமிடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார். நியாயமாகச் சொன்னால் இதை நிரூபிக்க முடியாது. எங்கள் தெருவிலும் கரண்ட் போகிறது, அப்போது நானும்தான் மாயமாகிறேன், எதிரே இருந்தவர் என்னையும் இப்படித்தான் திட்டியிருப்பார். ஆனால் வெள்ளைப் புகை வந்த மறுநொடி பார்த்து இன்டர்நெட் போகிறது என்றால் அது இன்டர்நெட்டின் குணம் அல்ல.

வேடிக்கை என்னவென்றால், சாட்டில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அங்கே தினசரிச் சண்டை வல்ச்சிங் பற்றித்தான், அதாவது ரன்வேயில் ஏறும்போதும் இறங்கும்போதும் அடிப்பது. "கோழைத்தனம்", "மானம் இல்லையா" என்று வரிசையாக வசை. எந்தப் பேக்கை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். போடன்பிளாட்டே என்பதே 1945 ஜனவரி 1 காலையில் பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸில் இருந்த நேச நாட்டு விமானத் தளங்களின் மேல் ஜெர்மன் விமானப்படை நடத்திய தாக்குதலின் பெயர். விமானங்கள் தரையில் நிற்கும்போதே முடித்துவிடுவதுதான் திட்டம். அன்று பெல்ஜியத்தின் ஆஷ் தளத்தில் அமெரிக்க விமானி ஜான் மேயர் தன் மஸ்டாங்கில் கிளம்பிக்கொண்டிருந்தபோதே ஜெர்மன் ஃபோக்-வுல்ஃப் போர் விமானங்கள் வந்துவிட்டன. தரையை விட்டு எழும்பிய கையோடு ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். கடைசியில் இருநூறுக்கும் மேற்பட்ட விமானிகளை இழந்தது தாக்க வந்த தரப்புதான். எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1944 நவம்பரில் அமெரிக்க விமானி சக் யேகர் வீழ்த்திய மீ-262 தரையிறங்க வந்துகொண்டிருந்த ஒன்று. ஜெட்டைப் பிடிக்க அதுதான் வழி என்று இரு தரப்புக்கும் தெரியும், அதனால்தான் இறங்கும் ஜெட்டுகளுக்குக் காவலாகவே ஜெர்மானியர்கள் தனியாகச் சில ஃபோக்-வுல்ஃப்களைப் பறக்கவிட்டார்கள். ஆகவே வல்ச்சிங் செய்கிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தளத்தைச் சுற்றி விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருக்கின்றன, பின்னால் இன்னொரு தளம் இருக்கிறது, காவலுக்கு வரச் சொல்லிக் கேட்க வாய் இருக்கிறது. பயிற்சிக்கென்று வைத்த சர்வரில் வந்து புதியவர்களை ரன்வேயில் அடிப்பவன் கதை வேறு. அவனுக்கு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

நேருக்கு நேர் வந்து சுடுவதும் அப்படித்தான். ஒற்றைக்கு ஒற்றை டூயலில், முதலில் ஒருவரை ஒருவர் கடந்த பிறகே துப்பாக்கி என்பது எழுதாத சட்டம், அதை மீறினால் அசிங்கம். திறந்த போர் சர்வரில் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. கே-4-இன் மூக்கில் 30 மிமீ பீரங்கி இருக்கிறது, ஒரு குண்டு பட்டாலே சிறகு கழன்றுவிடும். அதன் எதிரே நேராகப் போய்விட்டு தர்மம் பேசினால் எப்படி?

பாராசூட்டில் தொங்குகிறவரைச் சுடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆபத்திலிருக்கும் விமானத்திலிருந்து குதித்தவரை இறங்கும்போது தாக்கக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 கூடுதல் நெறிமுறை, 42-ஆம் பிரிவு, சொல்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது இல்லையே என்று வாதாட ஒரு வக்கீல் எல்லா சர்வரிலும் இருப்பார். உயிரோடு இறங்கிவிட்டால் அந்த ஆளின் தொடர் வெற்றிக் கணக்கு அறுபடாது, அதுதான் இவர்களுக்கு உறுத்தல். ஒரு எண்ணுக்காக!

நம் அணிக்காரர்கள் சுத்தம் என்று நினைக்காதீர்கள். நான் துரத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து என் சிறகையும் சேர்த்துத் துளைத்துவிட்டு "ஸாரி" என்பவர்கள் ஏராளம். செத்த பிறகும் டிஸ்கார்டில் உட்கார்ந்து, தன்னைச் சுட்டவன் எந்தப் பக்கம் போகிறான் என்று துப்புக் கொடுக்கிற ஆவிகளும் உண்டு.

அதே ஆன்லைனில்தான் ஒருமுறை இதுவும் நடந்தது. எந்த அணியில் ஆள் குறைவோ அதில் சேர்வது என் வழக்கம், அன்று ஜெர்மன் பக்கம். ஒரு டெம்பெஸ்ட் என் எஞ்சினை நிறுத்திவிட்டது. ப்ரொபெல்லர் அசையாமல் நிற்க, சறுக்கிக்கொண்டே வயல் தேடினேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். இன்னொரு பர்ஸ்ட் போட்டிருந்தால் முடிந்திருப்பேன். போடவில்லை. இரண்டு பக்கமும் சிறகை ஆட்டிவிட்டு மேலே வட்டமிட்டார். நான் வேலியை உரசி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு வயிற்றில் இறங்கி நின்றதும், பழைய ஆட்கள் சல்யூட்டுக்குப் போடுகிற அந்த ஒற்றை 'எஸ்' சாட்டில் வந்தது. நானும் ஒன்று போட்டேன். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

சரி, வாங்கலாமா? இன்று கேட்டால் வேண்டாம். விமானங்களைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை, இருந்தும் ஆன்லைனுக்காக என்றால் வேண்டாம். தனியாக ஆடும் கேரியருக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள், கணினி ஓட்டும் 109 கடைசி வரை நின்று சாகும். மீறி ஆன்லைன் வருகிறவர்கள், சர்வரில் நுழைந்ததும் வரும் விதிமுறைப் பக்கத்தை ஆங்கிலம்தானே என்று தாண்டாமல் படியுங்கள். அடி வாங்கியபின் வெளியேறினால் என்ன தண்டனை என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத சர்வரில் இனி ஏறுவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். நார்மண்டி பேக் மட்டும் இந்தத் தள்ளுபடியில் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன், சம்பளம் வந்ததும் பார்க்க வேண்டும்.