வேலையால் நிறுத்தினால் எங்கே போவது? தொழில் நியாய சபைக்கா, ஆணையாளரிடமா?

வவுனியாவில் ஒரு மொத்த விற்பனை நிலையத்தில் ஏழு வருடம் கணக்கு எழுதிய என் தோழியை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மேலாளர் கூப்பிட்டார். மேசையில் வெள்ளைத் தாளும் பேனையும் தயாராக இருந்தன. "வியாபாரம் படுத்துப்போச்சு பிள்ளை. நீங்களாகவே விலகிறதா எழுதித் தாங்கோ, நல்ல சேட்டிபிக்கற் தாறன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். எழுதிக் கொடுத்திருந்தால், எங்கே போனாலும் "நான் விரும்பி விலகவில்லை" என்பதை நிறுவும் சுமை முதலில் அவள் தலையில் விழுந்திருக்கும்.

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. நிதி நிலைமை காரணமாக உங்கள் சேவை முடிவுறுத்தப்படுகிறது என்று இரண்டே வரி, கூடவே ஒரு மாதச் சம்பளத்துக்கான காசோலை.

இலங்கையில் தனியார் துறையில் வேலை போனவர்களுக்கு முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, தொழிலாளியின் மனுவை நீதிமன்றம் போல விசாரித்துக் கட்டளையிடும் தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டின் தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1957இல் சேர்க்கப்பட்ட ஏற்பாடு இது. மற்றது, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தும் சட்டத்தின் கீழ், தொழில் திணைக்களத்தின் தலைவரான தொழில் ஆணையாளர் நாயகத்திடம் போவது. எங்கே போவது என்று பலரும் அயலாரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் சொல்வேன், முதலில் கடிதத்தில் எழுதியிருக்கும் காரணத்தைப் பாருங்கள்.

காரணம் ஒழுக்காற்று நடவடிக்கை என்றால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது, நியாய சபைதான். அப்படி நிறுத்தும் முதலாளி, நிறுத்திய நாளுக்குப் பிறகு இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். ஆனால் நட்டம், ஆட்குறைப்பு, கடை மூடல் என்று ஒழுக்காற்று அல்லாத எந்தக் காரணமானாலும், தொழிலாளி எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், அல்லது ஆணையாளர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. மேலாளர் வெள்ளைத் தாளை நீட்டியதன் காரணம் இப்போது விளங்கும்.

இந்தச் சட்டம் பொருந்த இரண்டு நிபந்தனைகள் உண்டு. நிறுத்திய மாதத்துக்கு முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேராவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். நீங்களும் முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். என் தோழியின் இடத்தில் இருபதுக்கு மேல் ஆட்கள். பத்துப் பேர் உள்ள கடையாக இருந்திருந்தால் அவளுக்கும் நியாய சபைதான் வழி.

ஆணையாளரின் வழியில் முதலாளி ஏன் நிறுத்தினார் என்பது இரண்டாம் பட்சம். அனுமதி எடுத்தாரா என்பதே முதல் கேள்வி. அதனால் வாதாட்டம் குறைவு. திரும்ப வேலைக்கு எடுத்துச் சம்பளத்தையும் கொடு என்று ஆணையாளர் கட்டளையிடலாம். முதலாளி முறைப்படி அனுமதி கேட்டிருந்தால் நட்டஈட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவதிலிருந்து பதினான்காவது வருடம் வரை இரண்டு மாதச் சம்பளம், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும். அவளுடைய ஏழு வருடத்துக்குப் பன்னிரண்டரையும் நான்குமாகப் பதினாறரை மாதம். சம்பளம் 60,000 ரூபா என்றால் 9,90,000 ரூபா. கையில் கொடுத்ததோ ஒரு மாதக் காசோலை! ஆனால் இந்தக் கணக்குக்கு மேல் வரம்பு உண்டு. 2021இல் அதை 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். நீண்ட சேவையும் பெரிய சம்பளமும் உள்ளவருக்கு அது இடிக்கும்.

நியாய சபையில் அப்படிக் கணக்கு எதுவும் இல்லை. "நியாயமும் ஒப்புரவும்" ஆன கட்டளை என்பதுதான் அதன் அளவுகோல். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சபை அதற்குக் கட்டுப்பட்டதல்ல. நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது சரிதான் என்று அவர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். "நாங்கள் நிறுத்தவில்லை, அவர்தான் வரவில்லை" என்று அவர் சொன்னால் சுமை தொழிலாளி பக்கம் மாறும். களவு, கையாடல் என்று பெயரைக் கெடுத்து அனுப்பப்பட்டவருக்குச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பெயரைக் காப்பாற்ற இதுதான் சரியான இடம். சட்டத்தரணி இல்லாமலும் போகலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியும் பேசலாம். ஆனால் தவணைகள் நீளும், பொறுமை வேண்டும். முடிவு வந்தபிறகும் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போகலாம்.

இரண்டிலும் ஒரே நேரத்தில் கால் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முதலில் வேறொரு சட்டப் பரிகாரத்தை நாடியவர், அதே விடயத்துக்காகப் பிறகு நியாய சபையில் நிவாரணம் கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. நியாய சபைக்குப் போவதென்றால் வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். "முதலாளி திரும்பக் கூப்பிடுவார்" என்று காத்திருந்து இந்தக் காலத்தைக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர்.

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது சேவைக்காலத்துக்காகக் கிடைக்கும் தொகை, இதிலெல்லாம் சேராது, அது தனி. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். தானாக விலகினாலும் கிடைக்கும். என் தோழிக்கு அது மூன்றரை மாதச் சம்பளம், 2,10,000 ரூபா. மேலாளர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

அவள் ஆணையாளர் வழியைத்தான் எடுத்தாள். நானும் அதைத்தான் சொன்னேன். காரணத்தை முதலாளியே எழுதித் தந்திருக்கிறார், அனுமதியும் இல்லை, பிறகு எதற்குச் சாட்சி விசாரணை? தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதியின் பீ காட் (அங்கத்தவர் அட்டை), முடிவுறுத்தல் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டாள். அப்புறம் அந்தக் கடிதம் வந்த உறையையும் எடுத்து வைக்கச் சொன்னேன். தபால் முத்திரையில் திகதி தெளிவாக விழுந்திருந்தது.