உரிமம் பெற்ற டாக்சி என்று நம்பி 150 வெள்ளி போனது

இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, அத்தனை எரிச்சல். கோவையாக எழுத வருமா தெரியவில்லை. 150 வெள்ளி, அதாவது 150 மலேசிய ரிங்கிட்! கோலாலம்பூரில் எங்கள் வீட்டுக்கு அது ஒரு வாரத்து மளிகைச் செலவு.

‘உரிமம் பெற்ற டாக்சிகள் மட்டும்’ என்று முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஒரு முன்பதிவுச் செயலி. பெயரை எழுதவில்லை, வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுதும் வசதி எனக்கில்லை.

திங்கட்கிழமை காலை அம்மாவுக்குத் திருச்சி விமானம். அதிகாலை மூன்றரை மணிக்கு விமான நிலைய ரயில் ஓடாது. முதல் நாள் இரவே செயலியைத் திறந்தேன். செந்தூலிலிருந்து கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்கு 96 வெள்ளி, டோலும் நள்ளிரவுக் கட்டணமும் சேர்த்துத்தான் என்று காட்டியது. அப்போதே அட்டையில் கட்டினேன். எச்.டபிள்யூ. என்று தொடங்கும் வண்டி எண் வந்தது. கோலாலம்பூர் டாக்சி எண் அப்படித்தான் தொடங்கும்.

3.40க்கு வந்து நின்றதோ ஒரு வெள்ளைக் கார். எண் ‘வி’யில் தொடங்கியது. அம்மா என் முழங்கையைப் பிடித்து, “சிவப்பு டாக்சி என்றுதானே சொன்னாய்?” என்றார். “சும்மா இருங்கள் அம்மா, நேரமாகிறது” என்று அடக்கிவிட்டேன். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஓட்டுநரின் நெற்றி நிறையத் திருநீறு. கண்ணாடிக்குக் கீழே பத்துமலை முருகன் படம். “பார்த்து ஏறுங்கள் அம்மா” என்று கதவைத் திறந்துவிட்டு, மைலோ டின்கள் அடைத்த பெட்டியை என்னைத் தொடவும் விடாமல் தானே தூக்கி வைத்தான். அம்மா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் அதற்கு மேல் கேள்வி எழவில்லை.

“அண்ணனுடைய டாக்சி பழுதாகிவிட்டது, அதனால்தான் என் காரில் வந்தேன். செயலியில் ரத்து என்று அழுத்திவிடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும். எனக்குக் கையில் கொடுத்தால் போதும்.” அழுத்தினேன். என் விரலாலேயே அழுத்தினேன்.

புறப்பாட்டு வாசலில் கணக்குச் சொன்னான்: 96, நள்ளிரவு என்பதால் பாதி கூடுதலாக 48, டோலுக்கும் பெட்டிக்கும் 6. ஆக 150. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை பாதி கூடுவது மீட்டர் டாக்சிக்கு உள்ள விதி. அவன் காரில் மீட்டரே இல்லை! வாதாடலாம் என்றால் அம்மாவின் பெட்டி உள்ளே, பின்கதவு பூட்டியபடி. நோட்டுகளை இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் திறந்தான்.

வீடு வந்து பார்த்தால், புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் பணம் கிடையாது என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. 96ம் போய், கையில் கொடுத்ததும் போய், 246 வெள்ளிக்கு ஒரு பயணம். ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு மேல் போனது 150 வெள்ளி.

செயலியில் புகார் எழுதினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி.” மறுபடி எழுதினேன். “பயணி தாமாக ரத்து செய்ததால் விவகாரம் முடிக்கப்பட்டது.” தொலைபேசியில் 25 நிமிடம் பாட்டு கேட்க வைத்துவிட்டு ஒரு பெண், ஓட்டுநர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், கூட்டாளிகள் என்றார். பதிவு செய்த வண்டிக்குப் பதில் வேறு கார் ஏன் வந்தது என்று கேட்டேன். “மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்.” நேற்று மேலிடத்தின் பதில் வந்தது: 20 வெள்ளிக் கூப்பன், 7 நாளுக்குள் அதே செயலியில் பயன்படுத்த வேண்டுமாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. எண் ‘எச்’ எழுத்தில் தொடங்காத வண்டி வழக்கமான டாக்சி அல்ல, ஏறாதீர்கள். செயலி காட்டிய எண்ணும் வந்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஓட்டுநர் சொல்லி ரத்தை அழுத்தாதீர்கள், அவன் யார் படத்தை மாட்டியிருந்தாலும். பெட்டி இறங்கிய பிறகு பணம் கொடுங்கள். திரைகளைப் படம் பிடித்து வைத்திருங்கள். நான் பிடிக்கவில்லை, அந்த எச்.டபிள்யூ. எண் இப்போது செயலியில் காணவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளிதானாம். நாளை அரை நாள் விடுப்பு போட்டிருக்கிறேன்.